முட்டுக்கட்டை

(திருவண்ணாமலை அருள்மிகு அருணாசலேசுவரர் திருக்கோயில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஆறாம் நாள் இரவு நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை அறுபத்து மூவர் மாட வீதிகளில் எழுந்தருளி வந்த காட்சியைக் கண்டு கண் குளிர்ந்தோம். இரவு வெள்ளித் தேரும் கண்டோம். பொழுது விடிந்தால் ஏழாம் நாள், மகா ரதம். முதலில் மூத்த பிள்ளையார் தேர் புறப்படும். அடுத்து முருகப் பெருமான் தேர். பின்னர் அண்ணாமலையார் எழுந்தருளும் பெரிய தேர். அது நிலைக்கு வந்த பிறகு, தாய்மார்களே வடம் பிடிக்கும் உண்ணாமுலையம்மன் தேர். கடைசியில் சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். இவ்வூரார்க்கு இதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. முதன்முறையாக வந்திருக்கும் வெளியூர் அன்பர்களுக்காகச் சொன்னோம்.

நாளை நடக்கவிருக்கும் அந்தக் காரியத்தைப் பற்றியே இன்று சிந்திக்க எண்ணினோம். ஐந்து தேரும் ஓடப் போகின்றன. அவற்றை நடத்துவது யார்?

"வடம் பிடிக்கும் நாங்கள்தாம்" என்பீர்கள். பாதிதான் சரி. நீங்கள் தேரை இழுப்பீர்கள், ஐயமில்லை. பெரிய தேர் 59 அடி உயரமும் ஏறத்தாழ 200 டன் எடையும் உடையது என்பர். 2024ஆம் ஆண்டில் அதைப் பழுது பார்த்துச் செப்பனிட்டு, நவம்பர் மாதத்தில் வெள்ளோட்டமும் விட்டார்கள். அத்தனை பெரிய மரமலையை ஆயிரக்கணக்கான கைகள் இழுத்தால்தான் அது அசையும். ஆனால் இழுக்கின்றவருக்கு வடம்தான் தெரியும், தேர் தெரியாது. அவர் முகம் முன்னோக்கி இருக்கிறது. தேர் முதுகுக்குப் பின்னால் வருகிறது. வலச்சக்கரம் வாய்க்கால் ஓரத்தை நெருங்குவதோ, தேரின் கலசம் ஒரு வீட்டு மாடியை உரசப் போவதோ அவருக்கு எப்படித் தெரியும்?

சக்கரத்தை ஒட்டிச் சிலர் நடந்து வருவார்கள். அவர்களை யாரும் படம் பிடிப்பதில்லை. அவர்கள் கையில் ஆப்புப் போல் ஒரு பக்கம் மெலிந்த கனமான மரக்கட்டை இருக்கும். அதுதான் முட்டுக்கட்டை. சில ஊர்களில் சறுக்குக்கட்டை என்றும் வழங்குவர். பெரிய தேருக்கு மோட்டார் வண்டியைப் போலத் திருப்பும் சக்கரம் கிடையாது. அதன் அச்சு அடியில் அசையாமல் பொருந்தியிருப்பது. பின் எப்படித் திரும்பும்? இடப்புறம் திரும்ப வேண்டுமானால் இடப்புறச் சக்கரத்தின் முன் கட்டையைச் சாய்வாகக் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் தடைபடும், வலப்பக்கம் முன்னேறும், தேரின் முகம் மெல்ல இடப்புறம் திரும்பும். ஓரடி, ஈரடி அளவில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து மூலையைக் கடக்க வேண்டும். சக்கரம் கட்டையின் மேல் ஏறும் முன் கையை எடுத்துவிட வேண்டும். கண் இமைக்கும் நேரம் தவறினால் கை போய்விடும். இழுக்கும் விசை ஆயிரம் பேருடையது. போகும் வழி இந்தச் சிலருடையது.

ஆயினும் நம்முடைய பேச்சு வழக்கைப் பாருங்கள். ஒருவர் நல்ல காரியத்தைக் கெடுத்தால், "முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோம். தேரடியில் பிறந்த சொல்லுக்குத் தேரைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் இப்படிப் பொருள் செய்துவிட்டார்கள். கட்டை போடுபவன் தேரின் பகைவனா? அவன் இல்லாவிட்டால் தேர் நான்கு வீதியையும் சுற்றி நிலைக்கு வருமா? இந்தச் சொல்லின் மேல் விழுந்த பழியை நீக்க வேண்டும் என்பது நம்முடைய நெடுநாளைய ஆசை. அதற்கு இந்த ஊரை விடப் பொருத்தமான இடம் ஏது? அசலம் என்றால் அசையாதது. அசையாத மலையின் அடியில் அசைகின்ற தேரை விடும் ஊர் இது.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நெடுங்காலம் ஓடாமல் நின்றிருந்த அந்தத் தேர் 1970இல் மீண்டும் ஓடிற்று. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரங்களும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தார்கள். அத்தனையும் வந்த பிறகும் மூலை திரும்பும்பொழுது மரக்கட்டை வேண்டியிருக்கிறது. அதே திருவாரூரில்தான், சேக்கிழார் பெருமான் நமக்குச் சொன்னபடி, மனுநீதிச் சோழன் மைந்தனின் தேர்க்காலில் பசுங்கன்று அகப்பட்டது. இளவரசன் கொடியவன் அல்லன். கன்று துள்ளி வந்தது. தேரின் வேகம் வேகமாகவே இருந்தது. நம் காலத்திலும் பார்த்தோம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் விடியற்காலை, தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் சுவாமிகளின் சதய விழாத் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொரு பேர் மாண்டார்கள். அப்பர் திருப்பெயரைச் சொல்லிக்கொண்டு சென்றவர்கள். அதை எண்ணும்பொழுது இன்றும் நெஞ்சு பதைக்கிறது. நாளை இங்கே வடத்தின் அருகில் கைக்குழந்தையோடு நிற்கப் போகிற தாய்மார்களை நினைத்துத்தான் இதைச் சொல்லுகிறோம், பயமுறுத்துவதற்காக அன்று.

வெளியில் ஓடும் தேர் இருக்கட்டும். நாம் ஒவ்வொருவரும் ஏறி வந்திருக்கும் தேர் ஒன்று உண்டே, இந்த உடம்பு. அது எப்படி நடக்கிறது?

நாளை வடத்தைப் பற்றியதும் கையால் இழுப்பதாக நினைப்பீர்கள். உடல்நூலார் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்: நின்றுகொண்டே ஒரு பிடியை இழுக்கும் மனிதனுக்குக் கைத்தசை இறுகுவதற்கு முன்பே கெண்டைக்கால் தசை இறுகிவிடுகிறது. ஏன்? கை இழுத்தால் உடம்பு முன்னே சாயும். அப்படிச் சாயாதபடி முன்கூட்டியே காலில் கட்டை போடப்படுகிறது. போட்டது யார்? நீங்கள் அதை நினைக்கக்கூட இல்லை. இனி முழங்கையை மடக்குங்கள். முன்புறத் தசை சுருங்குகிறது. அதே நேரத்தில் பின்புறத் தசைக்கு, "நீ சும்மா இரு" என்று முதுகுத் தண்டு கட்டளையிடுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் இழுத்தால் கை விறைத்து நிற்கும். இங்கிலாந்து தேசத்து அறிஞர் செரிங்டன் வாழ்நாள் முழுவதும் இதையே ஆராய்ந்தார். 1932இல் நோபல் பரிசு பெற்றபொழுது அவர் ஆற்றிய உரையின் பொருளே இதுதான்: தடுத்தல் என்பது ஒருங்கிசைவுக்கு ஒரு கருவி. நரம்பின் வேலை தூண்டுவது என்றே எல்லாரும் எண்ணியிருந்த காலம் உண்டு. தடுப்பதும் அதே அளவு பெரிய வேலை என்று நிலைநாட்டினார். சிறுமூளையின் மேற்படலத்திலிருந்து வெளிச்செல்லும் செய்தி யாவும் தடுக்கும் செய்தியே என்பதை 1960களில் ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோ காட்டினார். நடையை அழகுபடுத்தும் சிறுமூளை வெளியே அனுப்புவது முட்டுக்கட்டைகளைத்தானாம்!

தடை நீங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டாம். நம் காடுகளில் எட்டி மரம் இருக்கிறது. அதன் விதையிலுள்ள நஞ்சு தசைகளை நேரே தூண்டுவதில்லை. முதுகுத் தண்டில் தடுக்கும் செய்தி வந்து சேரும் வாயில்களை அடைத்துவிடுகிறது. அவ்வளவுதான். அதன் பின், சிறு ஓசை கேட்டாலும் போதும், உடம்பிலுள்ள எல்லாத் தசையும் ஒருங்கே இறுகி உடல் வில்லாய் வளையும். வலிமை குறைந்து அவன் சாகவில்லை. வலிமையைத் தடுப்பார் இல்லாமல் சாகிறான்.

மனிதன் செய்த இயந்திரங்களிலும் இதுவே சங்கதி. நம் கோயில்களில் பூசை வேளையில் மின்சார மேளம் முழங்குகிறதே, கேட்டிருப்பீர்கள். முரசும் சேகண்டியும் மணியும் தாமாகவே அடித்துக்கொள்ளும். தீபாராதனை முடிந்தது அதற்குத் தெரியுமா? அர்ச்சகர் திரும்பிப் பார்த்துக் கையசைத்து, யாரோ ஓடிப்போய் விசையை அணைக்க வேண்டும். தவில் வித்துவான் அப்படியா? நாகசுரக்காரர் ஒரு பிருகாவை நீட்டினால் இவர் காத்திருப்பார். சுவாமி நின்றால் மேளம் நிற்கும். தன் செயலின் விளைவைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வது ஒன்று. கேளாமல் முழங்குவது மற்றொன்று. (மின்சார மேளத்தை உபயம் செய்தவர்கள் வருந்த வேண்டாம். ஆள் கிடைக்காத கோயிலுக்கு அதுவும் ஒரு தொண்டுதான். ஆனால் ஆள் இருக்கும் கோயிலில் ஆளையே அழையுங்கள்.)

1788இல் ஜேம்ஸ் வாட் என்பவர் நீராவி இயந்திரத்திற்கு இரண்டு சுழலும் குண்டுகளைப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விரிந்து உயர்ந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழ்ந்து நீராவியை விடும். இயந்திரம் தனக்குத் தானே கட்டை போட்டுக்கொண்டது. அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948இல் உயிர்களுக்கும் இயந்திரங்களுக்கும் பொதுவான இந்தக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதி, கப்பலில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயர் வைத்தார். அவர் சுட்டிய ஒரு செய்தி நமக்கு மிகவும் உதவும். சிறுமூளை பழுதுபட்டவன் ஒரு குவளையை எடுக்கக் கை நீட்டினால், கை குவளையைத் தாண்டிப் போகும், திருத்தினால் மறுபக்கம் தாண்டும், இப்படி ஊசலாடும். திருத்துவது தவறன்று. அளவுக்கு மீறித் திருத்துவதும், பிந்தித் திருத்துவதும்தான் தவறு. தேர் ஒரு பக்கம் சாயக் கண்டு, பதறிப் பெரிய கட்டையாகப் போட்டால் தேர் மறுபக்கம் ஓடும். அனுபவசாலி சிறு கட்டையை முன்கூட்டியே கொடுப்பார்.

நிலவுக்குச் சென்ற நம் தேரின் கதையும் இதுதான். 2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான் இரண்டின் இறங்குகலம் நிலவில் மோதி அழிந்தது. விசை போதாமல் அன்று. எஞ்சின்கள் எதிர்பார்த்ததை விடச் சற்று மிகுந்த உந்துதலைத் தந்தன. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்த வேண்டிய நேரம் வந்தபொழுது கலம் மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்கு அவ்வளவு திரும்ப இடம் வைத்திருக்கவில்லை. அந்தக் குறைகளையெல்லாம் களைந்து, 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்கு மறு கலத்தை மெத்தென இறக்கினார்கள். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நமக்குப் பக்கத்து ஊராகிய விழுப்புரத்துக்காரர். அங்கே செய்த வேலையில் பெரும்பகுதி என்ன தெரியுமா? விரைந்து பாயும் கலத்தின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணித்ததுதான்.

இதுகாறும் கட்டை போடுவதன் பெருமையைச் சொன்னோம். எடுக்கவும் தெரிய வேண்டும். அதை நாம் நூலில் படிக்கவில்லை, கண்ணால் கண்டோம்.

நமக்குச் சித்தாந்த பாடம் சொன்ன ஆசிரியர் கடைசிக் காலத்தில் கம்பவாதத்தால் வருந்தினார். 1817இல் இதை விளக்கி எழுதிய இலண்டன் மருத்துவர் பெயரால் பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். கை நடுங்கும். நடை குறுகும். எல்லாவற்றையும் விடக் கொடியது, வாயிற்படி வந்ததும் இரண்டு கால்களும் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிடுவது. காலில் வலிமை இருக்கிறது, மனத்தில் விருப்பம் இருக்கிறது, கால் எழாது. மூளையின் அடியில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே சுரக்கும் டோபமின் என்னும் பொருள்தான், அசைவுகளின் மேல் வைத்திருக்கும் தடையை வேண்டிய வேளையில் தளர்த்த உதவுவது. அது வற்றினால், போட்ட கட்டை போட்டபடியே கிடக்கும். நம்முடைய பூனைக்காலி விதையில் அந்நோய்க்கு உதவும் லெவோடோபா இருக்கிறது. சென்னையில் தாமோதரன், இராமசுவாமி என்னும் ஆய்வாளர்கள் அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இல் எழுதினார்கள். (இதைக் கேட்டுவிட்டு யாரும் விதையைத் தேடிப் போய் அரைத்துக் குடிக்க வேண்டாம், மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.)

ஒரு நாள் மாலை அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். வாயிற்படியில் கால் நின்றுவிட்டது. பின்னால் கூட்டம். நாம் இளம் வயதின் அவசரத்தில் அவர் கையைப் பற்றி இழுத்தோம். உடம்பு முன்னே வந்தது, கால் வரவில்லை, விழப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் தாங்கிக்கொண்டார். ஆசிரியர் கோபிக்கவில்லை. குரல் தேய்ந்து போயிருந்தது, மெல்லச் சொன்னார்: "இழுக்காதே அப்பா. பாடு."

நாம் தாளம் போட்டு ஒரு திருப்பதிகம் பாடினோம். இரண்டாவது அடி முடிவதற்குள் அவர் வலக்கால் எழுந்தது. தாளத்திற்குக் கால் வைத்துப் படியைத் தாண்டினார். கொடிமரம் வரையில் நிற்காமல் நடந்தார். தாளம் கேட்டால் இந்நோயாளிகளின் உறைந்த கால் பெயர்வதுண்டு என்று இப்பொழுது மருத்துவர்களும் நடைப்பயிற்சியில் அதைக் கையாளுகிறார்கள். அன்று நாம் அறிந்தது வேறு: நாம் கொடுத்த விசை அவரை வீழ்த்தப் பார்த்தது, விசையே இல்லாத ஒரு தாளம் கட்டையை எடுத்தது.

அவர் நமக்குச் சொன்ன பாடத்தில் பலகாலம் விளங்காத இடம் ஒன்று இருந்தது. இறைவன் செய்யும் தொழில் ஐந்து; படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்கும் புரிகின்றன. மறைத்தல் எப்படிக் கருணையாகும்? கருணையுடையவன் ஏன் தன்னை மறைத்து ஆன்மாவை உலகத்திலே நடத்த வேண்டும்? அந்தத் திரோதான சத்தியை உபசாரத்தால் மலங்களோடு சேர்த்து எண்ணுவதும் உண்டு. ஆயினும் அது மலமன்று, அருளே. ஆன்மாவுக்குப் பக்குவம் வருமளவும் மறைத்து நின்று, வினையை ஊட்டி, வேகத்தைத் தணித்து நடத்துவது. பக்குவம் வந்தவுடன் அதே சத்திதான் அருட்சத்தியாகப் பதிகிறது. போட்ட கையே எடுக்கிறது. பக்குவம் வராத உயிருக்குக் கட்டையை எடுத்துவிட்டால் மூலையில் தேர் வீட்டுக்குள் புகுந்தாற்போல் ஆகும்.

கூத்தப் பெருமான் திருவுருவத்தை நினைத்துப் பாருங்கள். திருவதிகை மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம், ஐந்தொழிலும் அவ்வுருவில் எங்கெங்கே உள்ளன என்று காட்டுகிறது. படைப்பு உடுக்கையில், காப்பு அமைந்த கையில், அழிப்பு அங்கியில், அருள் எடுத்த திருவடியில். மறைப்பு? ஊன்றிய திருவடியில். எல்லாரும் எடுத்த பொற்பாதத்தைப் பார்க்கிறோம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கால் ஊன்றாமல் மறு கால் எடுக்க யாரால் முடியும்? வீட்டில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். ஊன்றிய காலின் கணுக்கால் ஓயாமல் சின்னஞ்சிறு அசைவுகளால் உங்களை நிறுத்திக்கொண்டிருப்பதை உணர்வீர்கள். ஆட்டம் முழுவதையும் தாங்குவது ஆடாதது போல் இருக்கும் அந்தக் கால்தான். இதை எண்ணும்பொழுதெல்லாம் நமக்கு நம் ஆசிரியர் வாயிற்படியில் நின்ற கோலம் நினைவுக்கு வருகிறது.

நாளை பிள்ளையார் தேர் ஏன் முதலில் போகிறது? திரிபுரத்தை அழிக்கச் சிவபெருமான் புறப்பட்டபொழுது பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரமன் சாரதி. அத்தனை பெரிய தேரின் அச்சு முறிந்தது. தேவர்கள் விநாயகரை மறந்து புறப்பட்டதுதான் காரணம் என்று புராணம் கூறும். அச்சு இற்ற இடம் நம் தொண்டை நாட்டு அச்சிறுபாக்கம். இந்த ஊரோடு வாழ்வு பிணைந்த அருணகிரிநாதரும் திருப்புகழில் அதைப் பாடியிருக்கிறார். விக்கினத்தை நீக்குபவர் என்றே விநாயகரை வணங்குகிறோம். விக்கினத்தை உண்டாக்குபவரும் அவரே. தந்தையின் தேருக்கே முட்டுக்கட்டை போட்ட பிள்ளை! தேவர்கள் தங்கள் வலிமையை நம்பிப் புறப்பட்ட வேகத்தை ஒரு நாழிகை நிறுத்தி வைத்தார். வணங்கிய பின் தேர் ஓடிற்று.

நாளைக்கு ஒரு சில வார்த்தைகள். தேரின் முன் நிற்பவர் கொடியசைத்தோ விசில் ஊதியோ நிறுத்தச் சொன்னால், அந்தக் கணமே வடத்தைத் தளர்த்திவிடுங்கள். "இன்னும் ஓரடி இழுத்துவிடலாம்" என்று ஒருவரும் எண்ண வேண்டாம். சக்கரத்தின் பக்கத்தில் ஒருவருடைய கை கட்டையோடு இருக்கும். தேர் நகர்ந்து வரும்பொழுது அதைத் தொட்டு வணங்கவென்று சக்கரத்தின் அருகே நுழைய வேண்டாம். வடத்தைத் தொட்டாலே போதும். மூலையில் தேர் நெடுநேரம் நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். கூச்சலிட்டு அவர்களை அவசரப்படுத்தாதீர்கள். அப்பொழுது பாடத் தெரிந்தவர்கள் பாடுங்கள்.

பெரிய தேர் நிலைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அம்மன் தேருக்குத் தாய்மார்கள் சற்று ஓய்வெடுத்து வாருங்கள். கட்டை போடும் தொழிலாளர்கள் காலையிலிருந்து உண்ணாமல் வருவார்கள். வீதியில் வீடுள்ளவர்கள் அவர்களுக்கு மோர் கொடுங்கள். தேர் நிற்கும்பொழுது மட்டும் கொடுங்கள். நாம் நாளை தேரடியில் இருப்போம்.

திருச்சிற்றம்பலம்.